விற்றோம், சொல்லவில்லை

அத்திபெலேயில் எங்கள் கொட்டகையில் கறுப்பி என்று ஒரு மாடு இருந்தது. எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃபிரீசியன்) கலப்பு. உடம்பெல்லாம் கறுப்பு, நெற்றியில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை. மூன்றாம் ஈத்தில் வேளைக்கு எட்டு லிட்டர் கறந்தது. நான்காவது கன்று போட்டு இரண்டு மாதம் ஆனபோது சாணம் இளக ஆரம்பித்தது. முதலில் ராகிக் கூழ் பதத்தில் போட்டது. பிறகு அதுவும் நீர்த்துப்போய், குமிழி குமிழியாகக் கழிந்தது. ரத்தம் இல்லை, சளி இல்லை, முக்கல் இல்லை, காய்ச்சலும் இல்லை. தொட்டியில் வைத்ததையெல்லாம் தின்றது. தின்றும் இளைத்தது. புட்டத்து எலும்பு தூக்கிக்கொண்டது. வால்முடி சாணத்தில் ஊறிக் கட்டி தட்டியது. பிறகு கீழ்த்தாடையில் நீர் கோத்து, சின்னப் பை கட்டிவிட்ட மாதிரி தொங்கியது.

பூச்சி மருந்து கொடுத்தோம். ஏரிக்கரையில் மேய்ந்த மாடு, தட்டைப்புழுவாக இருக்கும் என்று அதற்கும் மருந்து ஊற்றினோம். வெந்தயம், கசகசா, பெருங்காயம் அரைத்து உருண்டை பிடித்து நாக்கில் தேய்த்தோம். ஊசி போட்டால் நாலு நாள் சாணம் கெட்டிப்படும். ஐந்தாம் நாள் பழையபடி கழியும். ஆறு மாதம் இப்படிப் போனது. பால் எட்டிலிருந்து மூன்றுக்கு இறங்கியது.

2015-ல் ஒரு வாரம் கழிச்சல் தானாக நின்றது. தாடை வீக்கமும் வற்றியது. அந்த வாரத்துக்காகத்தான் நாங்கள் காத்திருந்தோம் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். வால்முடியைக் கத்தரித்தோம். மஞ்சள் தேய்த்துக் குளிப்பாட்டினோம். தரகருக்குச் சொல்லி அனுப்பினோம். தேன்கனிக்கோட்டைப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து ஒரு பெண் வந்தார். கணவர் இல்லாதவர். மகளிர் குழுவில் கடன் எடுத்து வந்திருந்தார். எங்கள் அப்பாவை 'அண்ணா' என்று கூப்பிட்டார். பல்லைப் பார்த்தார், மடியைத் தடவிப் பார்த்தார், சுழி பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. "மாடு ஏன் இளைச்சிருக்கு?" என்று மட்டும் கேட்டார். "கன்னு போட்ட உடம்பும்மா, கொஞ்சம் புண்ணாக்கு வச்சா தேறிடும்" என்று சொன்னோம். 28,000 ரூபாய்க்குப் பேசி முடித்தோம்.

நாற்பது நாள் கழித்து அவர் பஸ் ஏறி வந்தார். சண்டை போட வரவில்லை. திண்ணையில் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அண்ணா, உங்ககிட்ட இருக்கும்போதும் இப்படித்தான் கழிஞ்சுதா?"

"இல்லையேம்மா. இடம் மாறினா தண்ணி ஒத்துக்காது. பத்து நாள்ல சரியாயிடும்." சொன்னது அப்பா. பக்கத்தில் நின்று தலையாட்டியது நான். அம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டு அவர் போய்விட்டார்.

இந்தக் கட்டுரை அந்தத் தலையாட்டலைப் பற்றியது. எங்கள் வீட்டுத் தவறாக மட்டும் இதை எழுதி முடித்துவிட முடிந்தால் எனக்கும் நிம்மதிதான். ஆனால் ஓசூர் சாலையின் இரண்டு பக்கமும், கர்நாடக-தமிழ்நாடு எல்லைக்கு இந்தப் புறமும் அந்தப் புறமும், மாடு வைத்திருக்கும் நாம் எல்லோரும் இதைச் செய்திருக்கிறோம். விற்றிருக்கிறோம், சொல்லாமல் விட்டிருக்கிறோம்.

பெயர் வைக்காத நோய்

கறுப்பியின் கன்றுகளில் ஒரு கிடாரியை நாங்கள் விற்காமல் வைத்திருந்தோம். 2018-ல், இரண்டாவது கன்று போட்ட பிறகு, அதற்கும் அதே கழிச்சல். அதே பசி, அதே இளைப்பு. அந்தச் சமயம் பார்க்க வந்த இளம் மருத்துவர் ஒருவர் புதிதாக எந்த ஊசியும் போடவில்லை. "இதோட அம்மா எப்படிப் போச்சு?" என்று முதலில் கேட்டார். எங்களிடம் அதுவரை யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. கையுறை மாட்டி, ஆசனவாயின் உட்சுவரை மெல்லச் சுரண்டி எடுத்து, கண்ணாடித் தகட்டில் தேய்த்துக்கொண்டு போனார். இரண்டு நாள் கழித்து என்னைக் கூப்பிட்டு நுண்ணோக்கியில் காட்டினார். நீல நிறப் பின்னணியில் சிவப்பாக, துண்டு துண்டு குச்சிகள், கொத்துக் கொத்தாக. காசநோய்க் கிருமிக்குப் போடும் அதே சாயத்தில்தான் இதுவும் சிவக்கும் என்றார். "ஜோன்ஸ் நோய். மருந்து கிடையாதுங்க."

ஐம்பது வயதில், பிறந்ததிலிருந்து மாட்டோடு வாழ்ந்தவன், அந்தப் பெயரை அன்றுதான் கேட்டேன்.

நம் மொழியில் கால்நடை நோய்களுக்குப் பெயர் குறைவில்லை. வெக்கை, கோமாரி, அடைப்பான், தொண்டை அடைப்பான், சப்பை நோய். ஆட்டுக்குத் துள்ளுமாரி, நீலநாக்கு, ஆட்டுக்கொல்லி. பலவும் பாட்டன் காலத்து அனுபவத்திலிருந்து வந்த பெயர்கள். வந்த வேகத்தில் கொன்ற நோய்களுக்கெல்லாம் பெயர் வைத்திருக்கிறோம். தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து புழங்கும் எங்கள் ஊரில், இந்த நோய்க்கு மட்டும் மூன்று மொழியிலும் வீட்டுப் பெயர் ஒன்றை நான் கேட்டதில்லை. கழிச்சல் என்போம், கண்ணேறு என்போம், தண்ணி ஒத்துக்கலை என்போம், ராசியில்லாத மாடு என்போம். ஒரு நோய்க்குப் பெயர் வர வேண்டுமானால் அது ஒரே வீட்டில் தொடக்கம் முதல் முடிவு வரை பார்க்கப்பட வேண்டும். இதை நாம் யாரும் முடிவு வரை பார்க்கவில்லை. பாதியிலேயே கைமாற்றிவிட்டோம்.

இந்த நோயின் கதை புதிதும் இல்லை. 1895-ல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் ஹைன்ரிஷ் ஆல்பர்ட் யோனே என்ற கால்நடை நோயியல் அறிஞரும், லாங்டன் ஃபிராதிங்காம் என்பவரும், கழிந்து இளைத்துச் செத்த ஒரு பசுவின் குடலை ஆராய்ந்து எழுதினார்கள். குடல் சுவர் தடித்திருந்தது. அதில் காசநோய்க் கிருமி போன்ற ஒன்று நிறைந்திருந்தது. காசநோயின் விசித்திரமான வடிவம் என்றே அவர்கள் முதலில் நினைத்தார்கள். 1906-ல் டென்மார்க்கின் பெர்னார்ட் பாங், இது காசநோய் இல்லை, வேறு நோய் என்று பிரித்துச் சொன்னார். பிறகு இங்கிலாந்தின் ஃபிரெடரிக் ட்வார்ட், செத்த காசநோய்க் கிருமிகளை உணவில் கலந்து கொடுத்தால்தான் இந்தக் கிருமி ஆய்வகத்தில் வளரும் என்று கண்டுபிடித்தார். யோனேயின் பெயர் நம் ஊர் மருத்துவர்கள் வாயில் ஜோன்ஸ் ஆனது. கிருமியின் முழுப்பெயர் மைக்கோபாக்டீரியம் ஏவியம் பாராட்யூபர்குலோசிஸ். காசநோய், தொழுநோய்க் கிருமிகளுக்கு ஒன்றுவிட்ட உறவு. மாடு, எருமை, செம்மறி, வெள்ளாடு என அசைபோடும் எல்லாவற்றுக்கும் வரும்.

எங்கள் கிடாரி 2019 தொடக்கத்தில் செத்தது. அதே மருத்துவர் வந்து வயிற்றைத் திறந்தார். சிறுகுடலின் கடைசிப் பகுதியை நீளவாக்கில் வெட்டி, தண்ணீரில் அலசி, என் முன்னால் விரித்துக் காட்டினார். நல்ல குடலின் உள்பக்கம் வழவழப்பாக இருக்கும், விரலால் இழுத்தால் மடிப்பு நேராகிவிடும் என்றார். இது ஈரக் கம்பளியை மடித்து வைத்தது போல் தடித்திருந்தது. இரண்டு கையாலும் இழுத்தும் மடிப்பு விலகவில்லை. சத்தை உறிஞ்ச வேண்டிய இடம் அது. உறிஞ்சாததோடு, ரத்தத்தில் இருக்கும் புரதமும் அதன் வழியே வெளியே ஒழுகிவிடுகிறது. தாடையில் நீர் கோப்பது அதனால்தான். கறுப்பி ஏன் தின்றுகொண்டே இளைத்தது என்று அன்றைக்குப் புரிந்தது. தட்டைப்புழுவுக்கு நாங்கள் ஊற்றிய மருந்தெல்லாம் எங்கே போய் வீணானது என்றும் புரிந்தது.

கொட்டகையில் நாம் செய்தது

இந்த நோயை மற்ற நோய்களிலிருந்து பிரிப்பது காலம். கன்று பிறந்த முதல் சில மாதங்களில்தான் கிருமி பெரும்பாலும் உள்ளே போகிறது. நோய் வெளியே தெரிய இரண்டு முதல் ஐந்து வருடம், சில மாடுகளுக்கு அதற்கு மேலும் ஆகும். அதுவரை மாடு நன்றாகத் தின்னும், சினை பிடிக்கும், கறக்கும், கன்று போடும். தெரிய ஆரம்பிப்பதற்கு முன்பே சாணத்தில் கிருமி வந்துகொண்டிருக்கும். முற்றிய மாட்டின் ஒரு கிராம் சாணத்தில் கோடிக்கணக்கில் இருக்கும். பாலிலும் சீம்பாலிலும் வரும். தாயின் வயிற்றிலேயே கன்றுக்குத் தொற்றுவதும் உண்டு. நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் அந்தக் கிருமி பல மாதங்கள், சில இடங்களில் ஒரு வருடம் வரை உயிரோடு கிடக்கும். ஒரு பெரிய பண்ணையில் ஒரு மாடு கழிந்து இளைக்கிறது என்றால், வெளியே தெரியாமல் 15 முதல் 25 மாடுகள் வரை தொற்றோடு நிற்கலாம் என்பது இந்த நோயைப் படித்தவர்கள் சொல்லும் கணக்கு.

இதை அறிந்தபின் எங்கள் கொட்டகையைத் திரும்பிப் பார்த்தேன். கன்றைத் தாய்க்குப் பின்னாலேயே, சாணம் விழும் இடத்திலேயே கட்டினோம். மடியைக் கழுவாமல் கன்றை ஊட்டவிட்டோம். கறக்கும் முன் கழுவினோம். அது நம் சொம்புக்காக. கன்றுக்காக யாரும் கழுவியதில்லை. சாணம் அள்ளிய அதே கூடையில் தவிடு கொண்டுபோனோம். கொட்டகைக் கழுவு நீரைச் சீமைப்புல் பாத்திக்கு வாய்க்கால் வெட்டி விட்டோம். அந்தப் புல்லின் இளந்தளிரை அறுத்துக் கன்றுக்குத்தான் முதலில் போட்டோம், செல்லமாக வளர்க்கிறோம் என்று. கறுப்பியின் கன்றைத் தாயின் பெயரைச் சொல்லி, 'எட்டு லிட்டர் மாட்டுக் கன்று' என்று பெருமையோடு வைத்துக்கொண்டோம். நோயையும் சேர்த்துத்தான் வைத்துக்கொண்டோம்.

ஆட்டுக்காரர்களும் இதில் சேர்த்தி. நம் பக்கம் அறுவடை முடிந்த நிலத்தில் கிடை போடுவது நல்ல வழக்கம். நிலத்துக்கு உரம், ஆட்டுக்காரருக்கு வருமானம். ஆனால் இளைத்த ஆடு இருக்கும் மந்தையை நிறுத்திய நிலத்தில், அடுத்த பட்டத்தில் நம் கன்றை மேயவிடுகிறோம். ஆட்டுக்கு இந்த நோய் வந்தால் மாட்டைப் போலக் கழிவதுகூடக் கிடையாது. புழுக்கை புழுக்கையாகவே போட்டுக்கொண்டு, இளைத்து, ரோமம் உதிர்ந்து நிற்கும். 'ஏறாத ஆடு' என்று ஒதுக்கி, அடுத்த சந்தைக்கு ஏற்றிவிடுவோம்.

சந்தையில் நாம் செய்தது

சந்தையில் மாடு பார்க்கத் தெரிந்த சமூகம் நாம். பல்லைப் பிடித்து வயது சொல்வோம். முதுகுத்தண்டில் கைவைத்து எடை சொல்வோம். பால் நரம்பைப் பார்த்துக் கறவை சொல்வோம். எந்தச் சுழி குடும்பத்துக்கு ஆகாது என்று விடிய விடியப் பேசுவோம். துண்டுக்கு அடியில் விரல் பிடித்து, பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாமல் விலை பேசுவோம். இவ்வளவு நுணுக்கம் தெரிந்த நாம், மாட்டின் சாணத்தைப் பார்த்து வாங்குவதில்லை. இதன் தாய் எப்படிச் செத்தது என்று கேட்பதில்லை. விற்கிறவர் ஏன் விற்கிறார் என்ற கேள்விக்கு உண்மையான பதில் வரும் என்று எதிர்பார்ப்பதும் இல்லை.

சிந்தாமணி சந்தையில் ஏறிய மாடு ஓசூரில் இறங்குகிறது. ஈரோடு கருங்கல்பாளையத்து வியாழன் சந்தையில் வாங்கிய மாடு கர்நாடகத்துக்கும் கேரளத்துக்கும் போகிறது. அத்திபெலே எல்லைச் சாவடியைத் தாண்டி எத்தனை கால்நடை வண்டிகள் போகின்றன என்பதைச் சாலையோரம் வீடு இருக்கிற நாங்கள் தினமும் பார்க்கிறோம். கழியும் மாட்டை அறுக்க நம்மில் பலருக்கு மனம் வராது. சட்டமும் எளிதில் விடாது. வீட்டில் வைத்துச் சாகும்வரை தீவனம் போடக் கையில் காசு இல்லை. மிச்சம் இருப்பது ஒரே வழி: நம்மைவிட விவரம் குறைந்தவர், நம்மைவிட வசதி குறைந்தவர் கையில் கொடுப்பது. நல்ல மாட்டைப் பணக்காரர் வாங்குவார். இளைத்த மாட்டைக் குறைந்த விலைக்கு வாங்குகிறவர் எப்போதும் ஏழைதான். ஆகவே இந்த நோய் சந்தையில் கீழ்நோக்கியே நகர்கிறது. கடன் வாங்கி வந்தவரின் ஒற்றை மாட்டுக் கொட்டகையில் போய் நிற்கிறது. அந்த வீட்டில் மாடு போனால் கடன் மட்டும் நிற்கும்.

வாங்கிய கால்நடையோடு நோயும் சேர்ந்து வருவது நம் ஊரில் மட்டும் நடந்ததில்லை. 1933-ல் ஐஸ்லாந்து அரசு ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து 20 கரக்குல் செம்மறிகளை வாங்கியது. பார்வைக்கு நல்ல ஆடுகள். தனிமையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் விவசாயிகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். அந்த ஆடுகளோடு ஜோன்ஸ் நோயும், வேறு சில மெதுவான நோய்களும் அந்தத் தீவுக்குள் நுழைந்தன. மந்தை மந்தையாக ஆடுகள் அழிந்தன. வருடங்கள் கழித்து வெளிப்படும் நோய் சில வாரத் தனிமையில் எப்படித் தெரியும்? அங்கே 20 ஆடுகள் ஒரு நாட்டைப் பாதித்தன. அவர்களாவது தெரியாமல் செய்தார்கள். தெரிந்ததும் பதிவு செய்தார்கள், தடுப்பூசி போட்டார்கள், மந்தைகளைப் பிரித்து வேலி போட்டார்கள். நாம் தெரிந்துகொள்ளாமலே இருப்பதற்கு முயற்சி எடுத்தோம்.

பக்கத்திலேயே இருந்தவை

எங்களுக்குத் தூரம் என்று சாக்குச் சொல்ல வழியில்லை. ஓசூர் சாலையிலேயே வடக்கே போனால் பெங்களூர் ஆடுகோடியில் தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல நிலையம் இருக்கிறது. 1923-ல் தொடங்கியது. 1927-ல் உடல்நலம் தேறுவதற்காகப் பெங்களூரில் தங்கியிருந்த காந்தி, அங்கே போய் மாட்டுப் பராமரிப்பைக் கற்றுக்கொண்டார். நாடே அறிந்த தலைவர், நோயிலிருந்து எழுந்த உடம்போடு, கொட்டகைக்குள் மாணவராகப் போனார். அதே சாலையில் குடியிருக்கும் நாங்கள் ஒரு தடவை உள்ளே போய்ச் சந்தேகம் கேட்டதில்லை. ஹெப்பாளில் கால்நடை மருத்துவக் கல்லூரியும், கால்நடை நோய் ஆய்வு நிலையமும் இருக்கின்றன. எலகங்காவில் கால்நடை நோய்ப் பரவலை ஆராயும் மத்திய நிறுவனம் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பக்கம் ஓசூர் மத்திகிரியில் அரசுக் கால்நடைப் பண்ணை, ராணிப்பேட்டையில் 1932-லிருந்து இயங்கும் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம். சாணத்தை ஒரு டப்பாவில் அடைத்து எடுத்துக்கொண்டு பஸ் ஏற நமக்குத் தோன்றவில்லை.

தடுப்பூசியும் நம் நாட்டிலேயே வந்துவிட்டது. உத்தரப் பிரதேசத்தில் மதுரா மாவட்டத்து மக்தூம் கிராமத்தில் இருக்கும் மத்திய வெள்ளாட்டு ஆராய்ச்சி நிலையத்தின் மந்தையையே இந்த நோய் வருடக்கணக்கில் அரித்தது. அங்கே ஷூர் வீர் சிங்கும் அவருடைய குழுவினரும் தங்கள் ஜமுனாபாரி ஆட்டிலிருந்து எடுத்த கிருமியைக் கொண்டே சோதனை முறையையும் தடுப்பூசியையும் உருவாக்கினார்கள். நம் நாட்டில் பரவலாக இருப்பது 'இந்தியக் காட்டெருமை வகை' எனப்படும் தனி வகைக் கிருமி என்றும் கண்டார்கள். அந்தத் தடுப்பூசியைத் தயாரிக்கும் உரிமத்தைப் பெற்ற பயோவெட் நிறுவனம் மாலூரில் இருக்கிறது. சர்ஜாபுரம் வழியாகப் போனால் எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேர ஓட்டம். தடுப்பூசி நோயை முழுக்க ஒழித்துவிடாது. கழிச்சலுக்கு ஆளாகும் மாடுகளையும் சாணத்தில் வரும் கிருமியையும் குறைக்கும். காசநோய்க்கான தோல் சோதனையின் முடிவைக் குழப்பும் என்பதால், மருத்துவர் சொல்லித்தான் போட வேண்டும். இவ்வளவும் பக்கத்தில் இருந்தும், கேட்கிறவன் இல்லாத மருந்தை எந்த மருந்தகம் வாங்கி வைக்கும்?

மருத்துவர்களிடமும் நாம் நேர்மையாகப் பேச வேண்டும். பல ஊர்களுக்கு ஒருவராக அலைகிறார்கள், அது உண்மை. ஆனாலும் மூன்றாவது முறையாகக் கழியும் மாட்டுக்கு நான்காவது முறையாகப் பூச்சி மருந்து எழுதிக் கொடுத்தது தவறு. 'மருந்து இல்லாத நோய், சொல்லி என்ன ஆகப்போகிறது' என்று பெயரைச் சொல்லாமல் போனது அதைவிடப் பெரிய தவறு. மருந்து இல்லாத நோயில்தான் பெயர் தெரிவது முக்கியம். பெயர் தெரிந்திருந்தால் அடுத்த கன்றையாவது காப்பாற்றியிருப்போம்.

அரசும் அப்படியே. 2009-ல் வந்த கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் இந்த நோய் இருக்கிறது. அறிவிக்க வேண்டிய நோய். 2019-ல் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் கோமாரியையும் கருச்சிதைவு நோயையும் எடுத்துக்கொண்டது. ஜோன்ஸ் நோய் அதில் இடம்பெறவில்லை. இந்த நோய்க்காக இழப்பீடு வாங்கிய ஒரு விவசாயியையும் எங்கள் பக்கத்தில் நான் சந்தித்ததில்லை. இழப்பீடு இல்லாத ஊரில் உண்மையைச் சொல்கிறவர் மட்டும்தான் நட்டப்படுவார். அப்படி ஒரு நிலைமை நீடிக்க நாம் விட்டுவிட்டோம். பால் விலைக்குச் சாலையில் பாலைக் கொட்டிப் போராடிய நாம், இதற்காக ஒரு மனு எழுதியதில்லை.

இதே நாட்டில்தான் வெக்கை நோயை ஒழித்தோம். 1995-ல் வட ஆற்காட்டில் கண்டதுதான் இந்தியாவின் கடைசி வெக்கை. 2011-ல் உலகமே அந்த நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. மாடு விழுந்த செய்தியை மறைக்காமல் சொன்ன விவசாயிகளும், ஊர் ஊராக நடந்து ஊசி போட்டவர்களும் சேர்ந்து செய்த வேலை அது. நமக்குச் செய்யத் தெரியும். செய்யவில்லை.

எழுதுகிறவர்களின் பங்கு

வேளாண் பத்திரிகைகளுக்குப் பல வருடமாக எழுதுகிறவன் நான். கோமாரி முகாம் பற்றி எழுதியிருக்கிறேன். பால் கொள்முதல் விலை, தீவன விலை, நாட்டு மாடா கலப்பின மாடா என்ற வாதம், 'பத்து மாடு வைத்து லட்சாதிபதி ஆனவர்' என்ற வெற்றிக் கதைகள், எல்லாம் எழுதியிருக்கிறேன். வெற்றிக் கதை எழுதப் போன ஒரு பண்ணையின் மூலையில், கழிந்து இளைத்த இரண்டு மாடுகளைப் பார்த்தேன். பண்ணைக்காரர் கேட்டுக்கொண்டார் என்று புகைப்படத்தில் அவை விழாமல் பார்த்துக்கொண்டேன். அந்தக் கட்டுரையைப் படித்து, அந்தப் பண்ணையில் கன்று வாங்கப் போனவர்கள் உண்டு. வாசகர்களுக்கு நான் செய்த துரோகம் அது. வேறு பெயர் அதற்கு இல்லை.

மனிதருக்கு வரும் கிரோன் நோய் என்ற குடல் அழற்சியோடு இந்தக் கிருமிக்குத் தொடர்பு இருக்கிறதா என்று உலகெங்கும் ஆராய்கிறார்கள். இன்றுவரை நிரூபணம் ஆகவில்லை. அதைக் காட்டிப் பயமுறுத்த நான் விரும்பவில்லை. பாலைக் காய்ச்சிக் குடியுங்கள், அதுவே நம் வழக்கமும்கூட. பயத்தால் திருந்த வேண்டிய விஷயம் இல்லை இது. தின்றுகொண்டே பட்டினியில் சாகும் ஒரு வாயில்லா ஜீவனும், கடனோடு நிற்கும் ஒரு பெண்ணும் போதும், நாம் திருந்துவதற்கு.

இனிச் செய்ய வேண்டியது

கன்று விழுந்ததும் தாயின் சாணம் படாத சுத்தமான இடத்துக்கு மாற்றுங்கள். மடியைக் கழுவித் துடைத்த பிறகே சீம்பால் கறந்து கொடுங்கள். தாய் மீது சந்தேகம் இருந்தால் நல்ல மாட்டின் சீம்பாலைக் கொடுங்கள். பிறகு காய்ச்சி ஆறவைத்த பால் கொடுக்கலாம். முதல் ஆறு மாதமாவது கன்றுகளைப் பெரிய மாடுகளோடு சேர்க்காதீர்கள். பச்சைச் சாணத்தையும் கழுவு நீரையும் கன்றுக்குப் போடும் புல்லுக்கு விடாதீர்கள். குப்பைக் குழியில் நன்றாக மக்கவிடுங்கள். மூன்று வாரத்துக்கு மேல் கழியும் மாட்டுக்குச் சாணப் பரிசோதனையும் ரத்தப் பரிசோதனையும் கேட்டு வாங்குங்கள். ஒரு தடவை 'இல்லை' என்று வந்தால் அதோடு விடாதீர்கள். ஆரம்பக் கட்டத்தில் சோதனைக்குப் பிடிபடாமல் போகும், சில மாதம் கழித்துத் திரும்பப் பாருங்கள். நோய் உறுதியான மாட்டின் கன்றுகளை இனவிருத்திக்கு வைக்காதீர்கள். மாட்டின் காதில் மஞ்சள் வில்லையும் அதில் 12 இலக்க எண்ணும் இருக்கிறது. ஊசி போட்டதும் சினை ஊசி போட்டதும் அதில் ஏறுகிறது. இந்த நோய்ச் சோதனையின் முடிவும் அதில் ஏற வேண்டும், நோய் கண்ட மாட்டுக்கு இழப்பீடு வேண்டும் என்று நம் பால் சங்கங்களில் தீர்மானம் போட்டு இரண்டு மாநில அரசுகளுக்கும் அனுப்புவோம்.

பரிசோதனை முடிவு வந்த பிறகு, 2018 கடைசியில், அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு தேன்கனிக்கோட்டைப் பக்கம் போனேன். அப்பா வரவில்லை, "என்ன முகத்தோட போறது" என்றார். கறுப்பியை வாங்கிய அந்த அம்மா வீட்டில் இருந்தார். அடையாளம் கண்டு, உட்காரச் சொன்னார். நோயின் பெயரைச் சொன்னேன். எங்களிடம் இருக்கும்போதே கழிந்தது என்பதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நானும் ஆறு மாசத்துல வித்துட்டேங்க. கழியுதுன்னு சொல்லலை" என்றார். யாருக்கு விற்றார் என்பது அவருக்குத் தெரியவில்லை. தரகர் ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார். அவருடைய கொட்டகையில் ஒரு கன்று கட்டியிருந்தது. அந்தக் கன்றை என்ன செய்ய வேண்டும் என்று அவரிடம் சொல்லிவிட்டு, 28,000 ரூபாயில் என்னால் முடிந்ததைக் கொடுத்துவிட்டு வந்தேன். மீதியை இரண்டு தவணையாக அனுப்பினேன். கறுப்பி எங்கே செத்தது, யாருடைய கடனில் செத்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கழிச்சல் நிற்காத மாடு உங்கள் கொட்டகையில் இருந்தால், தயவுசெய்து விற்காதீர்கள். விற்றே ஆக வேண்டும் என்று ஆகிவிட்டால், வாங்க வருகிறவரிடம் 'இந்த மாடு கழியுது' என்ற மூன்று வார்த்தையைச் சொல்லுங்கள். நாங்கள் சொல்லாமல் விட்டது அந்த மூன்று வார்த்தைதான்.